வாசகர் கேள்வி – பதில்: காட்டுத் திட்டத்தில் ஊருக்கு என்ன இடம்?

சென்ற இதழில் குளங்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களுள் பாதிக்கு மேல் குளத்தின் அலைகரையை, அதாவது நீர் பரவும் ஓரத்தை, தாண்டிக் காட்டுக்குள் போய்விட்டன. வன்னியில் அது இயல்பே. குளத்துக்கு நீர் தருவது காடு, அந்தக் காட்டின் ஓரத்தில்தான் நம் வயலும் வளவும் இருக்கின்றன. ஆகவே இம்முறை காட்டுத் திட்டமிடல் பற்றி வந்த ஏழு கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பொதுமண்டபத்தில் காட்டு முகாமைத்துவத் திட்டம் பற்றிய கூட்டம் ஒன்று நடந்தது. அதிகாரிகள் வந்து பேசினார்கள், வரவுப் பதிவில் கையெழுத்து வாங்கினார்கள், தேநீரும் வடையும் தந்தார்கள். மூன்று மாதம் கழித்து, மக்கள் பங்கேற்புடன் திட்டம் தயாராகிவிட்டது என்று அறிவித்தார்கள். நாங்கள் எதில் பங்கேற்றோம் என்று எங்களுக்கே விளங்கவில்லை. மக்கள் பங்கேற்பு என்பது இதுதானா?
– கமக்காரர் அமைப்பின் செயலாளர் ஒருவர், ஒட்டுசுட்டான்

பதில்: இல்லை. வரவுப் பதிவில் இட்ட கையெழுத்து, நீங்கள் அன்று அந்த மண்டபத்தில் இருந்தீர்கள் என்பதற்கு மட்டுமே சாட்சி. திட்டத்துக்கு உடன்பட்டீர்கள் என்பதற்கு அது சாட்சியாகாது. இதை முதலில் உங்கள் அமைப்பின் கூட்டக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

இலங்கையின் 1995ஆம் ஆண்டுத் தேசிய வனக் கொள்கை இந்த விடயத்தில் தெளிவாகவே பேசுகிறது. காட்டுக்குள்ளும் காட்டை அண்டியும் வாழும் மக்களின் மரபுவழி உரிமைகளும் பண்பாட்டு விழுமியங்களும் சமய நம்பிக்கைகளும் ஏற்று மதிக்கப்படும் என்றும், இயற்கைக் காடுகளையும் நட்டு வளர்த்த காடுகளையும் பாதுகாத்துப் பராமரிப்பதில் பொருத்தமான இடங்களில் அரசு கிராம மக்களோடு பங்காளியாகச் சேரும் என்றும் அது கூறுகிறது. கொள்கை வேறு, சட்டம் வேறு என்பது உண்மைதான். ஆனாலும் கூட்டத்தில் எழுந்து நின்று, நாட்டின் வனக் கொள்கையில் உள்ளதைத்தான் கேட்கிறோம் என்று சொல்வதற்கு அது உங்களுக்குப் போதிய பலம் தரும்.

பங்காளி என்பவர் கணக்குப் பார்க்கும்போதும் இருக்க வேண்டும், முதல் போடும்போதும் இருக்க வேண்டும். திட்டத்தின் முதல் கோடு வரையப்படும் முன்னரே ஊர் அங்கே இருந்தால்தான் அது பங்கேற்பு. சில ஆண்டுகளுக்கு முன்னர் முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றில் அவ்வாறான திட்டமிடலில் உடனிருக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. முதல் நாள் சுவரில் ஒட்டியிருந்த செய்மதிப் படத்தைப் பார்த்து ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் அதைச் சுருட்டி வைத்துவிட்டு, முன்பள்ளி முற்றத்தைக் கூட்டி, அடுப்புச் சாம்பலால் ஆற்றையும் அரிசி மாவால் பாதைகளையும் நிலத்தில் போட்டார்கள். குளத்துக்கு யாரோ ஒருவர் தன் நீலச் சாரத்தை மடித்து விரித்தார். சிறிது நேரத்தில் ஊரே சுற்றி நின்றது. தேன் எடுக்கப் போகும் முதியவர் ஒருவர் தடியால் ஒரு கோடு கிழித்து, "இது மாரியிலை போற பாதை, கோடையிலை இதாலை போக ஏலாது, தண்ணி இல்லை" என்றார். அவருக்குப் பின்னால் நின்ற பெண் ஒருவர் உடனே குனிந்து, மூன்று புளியங்கொட்டைகளை ஓரிடத்தில் வைத்து, அங்கே கோடையிலும் வற்றாத மோட்டை (சிறு நீர்நிலை) ஒன்று இருக்கிறது என்றார். செய்மதிப் படத்தில் அந்த மோட்டை மரக்கொப்புகளுக்கு அடியில் மறைந்து கிடந்தது. தீ மூண்டால் அந்தப் பக்கத்தில் தண்ணீர் அள்ளக்கூடிய ஒரே இடம் அதுதான் என்பதால், தீத்தடுப்புப் பாதை பின்னர் அதைத் தொட்டுச் செல்லும்படி மாற்றப்பட்டது.

உங்கள் ஊர்த் திட்டத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். எந்த மாதத்தில் யார் எதற்காகக் காட்டுக்குள் போகிறார்கள் என்பது அதில் இருக்கிறதா? எந்தப் பகுதியில் கை வைப்பதில்லை, எந்தப் பகுதியில் விறகும் பழமும் எடுக்கலாம், காவலுக்கு யார் போவது, வருமானம் வந்தால் எப்படிப் பிரிப்பது, பிணக்கு வந்தால் யார் முன்னிலையில் தீர்ப்பது, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை திட்டத்தைத் திருத்துவது என்பவை எழுதப்பட்டிருக்கின்றனவா? இவை இல்லாவிட்டால் அது ஊரை வெளியே நிறுத்தி எழுதப்பட்ட திட்டம். திட்டத்தின் பிரதியே உங்களிடம் இல்லையென்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள்; தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் அறிவிக்க வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். பிரதி கிடைத்ததும், ஊர்க் கூட்டத்தில் உரத்து வாசித்து, திருத்தங்களைப் பத்தி பத்தியாகக் குறித்து, வட்டார வன அலுவலருக்கும் பிரதேச செயலாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

கேள்வி: எங்கள் குடும்பத்துக்கு 1980களில் அனுமதிப்பத்திரத்தில் கிடைத்த இரண்டு ஏக்கர் மேட்டுக்காணி, இடப்பெயர்வு முடிந்து நாங்கள் திரும்பியபோது காடாகிக் கிடந்தது. துப்புரவாக்கப் போனால் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல் நிற்கிறது. இப்போது அதே காட்டுக்கு, ஊர் மக்களும் சேர்ந்து காட்டைப் பராமரிக்கும் சமூக வனத் திட்டம் வருகிறது, வந்து சேருங்கள் என்கிறார்கள். சேர்ந்தால் எங்கள் காணியைக் காடென்று நாங்களே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாதா?
– ஒரு தாய், நெடுங்கேணி

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது, அம்மா. வன்னியில் காட்டுத் திட்டமிடலுக்கு முதல் தடையாக நிற்பது இந்தக் காணிக் கேள்விதான் என்பதை எந்த அதிகாரியும் மறக்கக் கூடாது. தன் வளவு எங்கே என்று தீராத மனிதரிடம் காட்டைக் காக்க வாருங்கள் என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

நம் மண்ணில் ஆளில்லாத காணி பத்து ஆண்டில் பற்றையாகும். இருபது ஆண்டில் வீரையும் பாலையும் தலைக்கு மேல் நிற்கும். மேலிருந்து எடுக்கும் படத்துக்கு இலை மட்டுமே தெரியும். என் தாய்மாமனின் காணி விடயத்தில், இங்கே ஒருபோதும் குடியிருப்பு இருந்ததில்லை என்று ஓர் அலுவலகம் எழுத்தில் பதில் தந்தது. மாமாவும் நானும் கத்தியோடு போய், மாமி நினைவில் வைத்திருந்த புளியமரத்திலிருந்து அடி எண்ணிக்கொண்டு பற்றையை விலக்கினோம். கிணற்றுக்கட்டு முதலில் வந்தது. கட்டின் சீமெந்து ஈரமாக இருந்தபோது யாரோ விரலால் எழுதிய 1974 என்ற இலக்கம் பாசிக்கு அடியில் அப்படியே இருந்தது. சற்றுத் தள்ளி, இரண்டாகப் பிளந்த அம்மி. அந்த இரண்டையும் படம் பிடித்து, கிராம சேவையாளரையும் அயற்காணிக்காரர் இருவரையும் அங்கேயே அழைத்துவந்து காட்டிய பின்னர்தான் கோப்பு மறுபடி திறக்கப்பட்டது.

நீங்களும் அவ்வாறே தொடங்குங்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரம் என்றால் அதன் பதிவு பிரதேச செயலகத்தில் இருக்க வேண்டும். உங்கள் பிரதி தொலைந்திருந்தாலும் அந்தப் பதிவின் உறுதிப்படுத்திய பிரதியைக் கேட்கலாம். அங்கே போனால் வன இலாகாவிடம் (வனவளத் திணைக்களத்திடம்) கேளுங்கள் என்பார்கள், வன இலாகாவுக்குப் போனால் பிரதேச செயலகத்தைக் காட்டுவார்கள். இந்த அலைச்சலுக்கு ஒரு வரலாறு உண்டு. 2001ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சுற்றறிக்கையால், ஒதுக்கக் காடாக அறிவிக்கப்படாத ஏனைய அரச காடுகளும் வனவளத் திணைக்களத்தின் பொறுப்புக்கு மாற்றப்பட்டன. 2020இல் அதை மறுபடி மாற்றிப் பிரதேச செயலகங்களிடம் கொடுக்க எடுத்த முடிவு நீதிமன்றம் வரை சென்றது. ஆகவே தனித்தனியாக ஓடாமல், இரு தரப்பு அதிகாரிகளும் ஒரே நாளில் காணியில் வந்து நிற்கும் கூட்டுக் களப் பார்வையைப் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவில் ஊர் சார்பாகக் கேளுங்கள்.

சமூக வனத் திட்டத்தில் சேருவதைப் பொறுத்தவரை, சேரலாம் என்பதே என் எண்ணம். ஆனால் இந்தத் திட்டத்தில் பங்குபற்றுவது எவருடைய காணி உரிமைக் கோரிக்கையையும் பாதிக்காது என்ற வாக்கியம் உடன்படிக்கையிலும் கூட்டக் குறிப்பிலும் இருக்க வேண்டும். அது இல்லாமல் கையெழுத்திடாதீர்கள். கையெழுத்திடும் முன் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் அந்தத் தாளைக் காட்டுவது நல்லது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: மீள்குடியேறியவரின் பெயரைச் சொல்லி உண்மையான காட்டை மண் தள்ளும் இயந்திரத்தால் தள்ளி, மரத்தை ஏற்றி, காணியை வெளியாருக்கு விற்றவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். உங்களைப் போன்றவர்களின் கோப்பு தாமதமாவதற்கு அவர்களும் காரணம். ஊர்க் கூட்டத்தில் உண்மையான காணிகளின் பட்டியலை ஊரே தயாரித்து, பொய்யான கோரிக்கையை ஊரே விலக்கினால், உங்கள் இரண்டு ஏக்கருக்கு நிற்கும் குரல் பெரிதாகும்.

கேள்வி: காட்டைக் காப்பதால் எங்களைப் போன்ற இளைஞருக்கு என்ன வருமானம்? கிராம அபிவிருத்தி என்று பேசுகிறார்கள், ஆனால் வேலை தேடி எல்லோரும் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போகிறோம்.
– இளைஞர் ஒருவர், மல்லாவி

பதில்: காடு மாதச் சம்பளம் தராது. அப்படித் தரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பருவத்துக்குப் பருவம் கைக்கு வரும் சிறு வருமானங்களும், வயலுக்கும் கிணற்றுக்கும் வரும் நீருமே அதன் கொடை. நீரேந்து பகுதியில் காடு அழிந்தால் மழைநீரோடு மண் இறங்கிக் குளம் தூர்ந்துவிடும். தூர்ந்த குளத்தால் மாரிகாலக் காலபோகத்தை ஒப்பேற்றலாம், கோடைச் சிறுபோகம் நிச்சயமில்லை. ஒரு போகத்தின் நெல்லை விலையாகக் கணக்கிட்டுப் பாருங்கள். காடு தரும் பெரிய பங்கு அதுவே.

கைக்கு வரும் வருமானத்துக்குப் பாலைப்பழத்தையே எடுத்துக்கொள்வோம். ஆனி, ஆடி மாதங்களில் மஞ்சள் மஞ்சளாகப் பழுத்து, தின்றால் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும் அந்தப் பழத்துக்கு வவுனியாச் சந்தையிலும் யாழ்ப்பாணத்திலும் எப்போதும் ஆளுண்டு. நன்கு காய்க்கும் ஆண்டுகளில் ஒரு குடும்பம் பிள்ளைகளின் பள்ளிச் செலவைப் பாலைப்பழத்தில் பார்த்துவிடும். ஆனால் இன்று பழம் எடுக்கப் போகும் சிலர் மரத்தில் ஏறி ஆய்ந்தெடுக்கச் சோம்பி, கொப்பையே வெட்டி விழுத்துகிறார்கள். சில இடங்களில் மரத்தையே தறிக்கிறார்கள். பாலை மிக மெதுவாக வளரும் மரம். பாட்டன் காலத்துக் கொப்பு ஒரு பருவத்துப் பழத்துக்காக நிலத்தில் கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை. பழத்தை நம்பியிருக்கும் கரடியும் பசியோடு ஊரோரம் வருகிறது.

இங்கேதான் திட்டத்துக்கு வேலை இருக்கிறது. எடுப்பதற்கான அனுமதியை ஊர்ச் சங்கத்தின் பெயரில் திணைக்களத்திடம் பெற்று, எந்தப் பக்கத்தில் எந்த வாரத்தில் யார் எடுப்பது என்று முறை வைத்து, கொப்பு வெட்டியவரை அந்தப் பருவம் முழுவதும் விலக்கி வைத்தால், மரமும் நிற்கும், பழமும் ஒழுங்காகச் சந்தைக்கு வரும். பழத்தை வெயிலில் உலர்த்தியோ பாணியாகக் காய்ச்சியோ போத்தலில் அடைத்தால் இரண்டு நாளில் அழுகும் பொருளை ஆறு மாதம் வைத்து விற்கலாம். தேனுக்கும் இதே முறைதான்: புகை போடுவதோடு நின்று, ஈயை எரிக்காமல், புழு உள்ள அடையை விட்டுத் தேன் அடையை மட்டும் அறுப்பவருக்கு அடுத்த ஆண்டும் தேன் இருக்கும். ஒதுக்கக் காட்டில் அனுமதியில்லாமல் எடுத்தால், பழமாயினும் தேனாயினும், வழக்கு வரும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். தனி ஆளாக மறைந்து போவதை விட, சங்கமாக அனுமதியோடு போவதே உங்களுக்குப் பாதுகாப்பு.

காட்டின் சுமையைக் குறைப்பதும் இதே திட்டத்தின் பகுதியாக வேண்டும். விறகுக்கும் வேலிக் கதியாலுக்கும் வேண்டிய கிளிசறியா, பூவரசு, வேம்பு ஆகியவற்றை வளவுக்குள்ளேயே வளர்த்தால், அதற்காகக் காட்டுக்குப் போக வேண்டிய நாட்கள் குறையும்.

கேள்வி: தேக்கு நட்டாலும் காடுதானே?
– வாசகர் ஒருவர், கிளிநொச்சி

பதில்: தேக்கந்தோட்டம் பலகைக்கு நல்லது. கோடையில் இலை உதிர்த்து நிற்கும் அதன் அடியில் வேறு செடிகள் அதிகம் வளர்வதில்லை. முதல் மாரி மழை வெறும் மண்ணில் அடித்து அரித்துக்கொண்டு போகும். தேனீக்கும் கரடிக்கும் நமக்கும் அங்கே உண்ண ஒன்றுமில்லை. இருக்கும் தேக்கை, நெருக்கமான மரங்களை இடையிடையே வெட்டி, முறையாக ஐதாக்கி, கிடைப்பதில் ஒரு பங்கை ஊருக்குத் தரச் சொல்லுங்கள். புதிதாக நடுவதாயின் பாலை, முதிரை, நாவல், மருது என்று நம் மரங்களைக் கேளுங்கள்.

கேள்வி: எங்களுக்குப் பட்டி மாடுகள் உண்டு. வயல் விதைத்த பின் மாட்டை எங்கே விடுவது? காட்டுக்குள் விட்டால் பிடிக்கிறார்கள், வெளியே விட்டால் பயிர்க்காரர் சண்டை. யானையும் வருகிறது.
– கால்நடை வளர்ப்பவர், மடு

பதில்: விதைப்பு முதல் அறுவடை வரை மாடு நிற்க இடமில்லாதது வன்னியின் பழைய நோய். முன்னர் பட்டியைக் காட்டுக் கரைக்குக் கொண்டுபோய் மூன்று, நான்கு மாதம் வைத்திருப்பார்கள். இன்று மடுவீதி, சுண்டிக்குளம் ஆகியவை 2015இல் தேசியப் பூங்காக்களாக அறிவிக்கப்பட்டுவிட்டன. அங்கே மாட்டை விட இடமில்லை, பொறுப்பும் வனஜீவராசிகள் திணைக்களத்தினுடையது. உங்கள் பக்கத்துக் காடு எந்தத் திணைக்களத்துக்கு உட்பட்டது என்பதை முதலில் வரைபடத்தில் உறுதி செய்யுங்கள். தவறான கதவைத் தட்டி ஆண்டுகளை இழந்த பட்டிக்காரரை நான் கண்டிருக்கிறேன்.

காட்டுத் திட்டம் எழுதும்போதே மேய்ச்சல் தரையையும் அதில் எழுதச் சொல்லுங்கள். மாடு வைத்திருப்பவர்கள் தங்கள் மாட்டுத் தொகையை உண்மையாகச் சொல்ல வேண்டும். நூறு மாட்டை நாற்பது என்று சொல்லிப் பெற்ற தரை ஒரு பருவத்திலேயே கட்டாந்தரையாகிவிடும். யானை வேலியும் இதனோடு பிணைந்ததே. காட்டுக்குள் யார் கண்ணுக்கும் படாத எல்லையில் போட்ட மின்வேலி, இருபக்கமும் யானை நிற்பதாலும் கம்பியைப் பார்க்க ஆளில்லாததாலும் விரைவில் விழுந்துவிடுகிறது. குடியிருப்பையும் வயலையும் சுற்றி, ஊரே பராமரிக்கும் வேலி நிலைக்கிறது. வயல் வேலியை அறுவடை முடிந்ததும் கழற்றிவிடலாம்.

கேள்வி: ஊரிடம் காட்டை ஒப்படைத்து வெற்றி கண்ட நாடு உண்டா? நம் நாட்டில் முயன்றிருக்கிறார்களா?
– பல்கலைக்கழக மாணவி, வவுனியா

பதில்: நேபாளத்தைப் படியுங்கள். அங்கே 1993ஆம் ஆண்டின் வனச் சட்டம் காட்டுப் பயனாளர் குழுக்களுக்குச் சட்ட ஆளுமை (சட்டத்தின் முன் தனி அமைப்பாக நிற்கும் தகுதி) தந்தது; இன்று 22,000க்கு மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன. இந்தியாவின் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கு இடம் கொடுத்தது. நம் நாட்டில், அவுஸ்திரேலிய உதவியோடு 2012 தொடங்கிச் சில ஆண்டுகள் சமூக வனத் திட்டம் பல மாவட்டங்களில் நடந்தது. நன்றாகச் செய்த ஊர்கள் உண்டு. என் கண்ணில் பட்ட குறை ஒன்றே: வெளிப்பணம் நின்றதும் சில சங்கங்களின் கூட்டமும் நின்றுவிட்டது. நேபாளத்துக் குழுக்கள் காட்டிலிருந்து வரும் வருமானத்தைத் தாமே வைத்து நடக்கின்றன. காட்டின் வருமானத்தில் சட்டப்படியான பங்கு இல்லாத சங்கத்துக்குக் கூடுவதற்குக் காரணம் குறைவு. உங்கள் ஆய்வை அந்த இடத்திலிருந்து தொடங்கினால் நமக்கெல்லாம் பயன்படும்.

கேள்வி: விறகுக்கும் மருந்துச் செடிக்கும் காட்டுக்குப் போவது பெரும்பாலும் நாங்கள். கூட்டத்தில் பேசுவது ஆண்கள். இதை எப்படி மாற்றுவது?
– மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவி, துணுக்காய்

பதில்: கூட்ட நேரத்திலிருந்து தொடங்குங்கள். வேலை நாளில் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால், கச்சான் பிடுங்கக் கூலிக்குப் போகும் பெண் எப்படி வருவார்? பிள்ளை பள்ளியால் வந்து, அடுப்பு வேலை ஓய்ந்த பின்னேரமே பெண்களுக்கு வாய்ப்பான நேரம். அதையும் சங்கமே தீர்மானித்து எழுத்தில் அறிவிக்கட்டும். திட்டக் குழுவில் பாதி இடமும், காசோலையில் கையெழுத்திடும் இருவரில் ஒருவர் பெண் என்ற விதியும் சங்கத்தின் யாப்பில் (விதிக்கோவையில்) வேண்டும். குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் வன்னியில் ஏராளம் என்பதால், அவர்களுக்கென ஓரிடத்தைப் பெயர் சொல்லி ஒதுக்குங்கள்.

களநடைக்கு ஆண்களை மட்டும் அனுப்பாதீர்கள். முதற்கேள்விக்குச் சொன்ன பதிலில், புளியங்கொட்டை வைத்து மோட்டையைக் காட்டிய பெண்ணை நினைத்துப் பாருங்கள். முதல் நாள் கூட்டத்துக்கு அவர் வரவில்லை. அன்று அவர் விறகு எடுக்க அந்த மோட்டைப் பக்கமே போயிருந்தார். மறுநாள் முற்றத்தில் கோடு கிழித்தபோது, பிள்ளையை முன்பள்ளியில் விட வந்த இடத்தில்தான் நின்று பார்த்தார்.